ஆக்குபேஷனல் தெரபியில் உங்களுக்கென ஒரு பணித் தத்துவத்தை உருவாக்குதல்: முழுமையான வழிகாட்டி

நோயாலோ காயத்தாலோ குறைபாட்டாலோ பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் அன்றாடச் செயல்களைச் செய்ய உதவும் சிகிச்சைத் துறையே ஆக்குபேஷனல் தெரபி. ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தம் பணியில் எதைச் செய்கிறார், ஏன் செய்கிறார், எதைச் செய்ய மறுக்கிறார் என்பதை ஓரிரு பக்கங்களில் தம் சொந்தச் சொற்களில் எழுதி வைத்திருக்கும் ஆவணமே பணித் தத்துவம். மாணவர்களிடம் பாடத்தின் பகுதியாகவும், வேலைக்கு விண்ணப்பிப்பவர்களிடம் நேர்காணலிலும் இது கேட்கப்படுவதுண்டு. ஆனால் இதன் உண்மையான பயன் வேறு. இரண்டு வழிகளுமே சரியென்று தோன்றும் நிலையில் எதைத் தேர்வது, ஏன் தேர்வது என்பதைத் தனக்கும் குழுவினருக்கும் குடும்பத்தாருக்கும் விளக்க இது உதவ வேண்டும். அதற்கு உதவாத ஆவணம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் வீண்தான்.

மாணவர்களும் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களும் இதை எழுதும்போது இடறுவதற்குக் காரணம் பெரும்பாலும் எழுத்துத் திறமைக் குறைவு அன்று; வரிசைக் குழப்பமே. கொள்கைகளை முதலில் எழுதிவிட்டு, அவற்றுக்குப் பொருந்தும் நிகழ்வுகளைப் பிறகு தேடுகிறார்கள். இங்கே பரிந்துரைக்கப்படும் வரிசை அதற்கு நேர்மாறானது: முதலில் நிகழ்வுகள், அவற்றிலிருந்து நம்பிக்கைகள், அதன்பின் கோட்பாடுகள், கடைசியாக எழுத்து.

1. தொடங்குவதற்கு முன் சேகரிக்க வேண்டியவை

நீங்கள் நேரடியாகப் பணியாற்றிய ஐந்தாறு பயனாளர்களை, அதாவது சிகிச்சை பெறுபவர்களை, பற்றிய நினைவும் குறிப்புகளும் தேவை. அவற்றுள் எதிர்பார்த்த பலன் கிடைக்காத ஒன்றும், பயனாளரோடோ குடும்பத்தாரோடோ சக பணியாளரோடோ உங்களுக்குக் கருத்து வேறுபாடு ஏற்பட்ட ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். எல்லாம் நன்றாக முடிந்த நிகழ்வுகளில் உங்கள் நம்பிக்கைகள் சோதனைக்கு உள்ளாகவே இல்லை. ஆகவே அவை அங்கே கண்ணில் படுவதும் இல்லை.

இன்னும் பணியில் சேராத மாணவர்கள் களப்பயிற்சியில் பார்த்தவற்றைப் பயன்படுத்தலாம். மேற்பார்வையாளர் எடுத்த ஒரு முடிவு உங்கள் மனத்துக்கு ஒப்பாமல் போன தருணம் இதற்கு மிகப் பொருத்தமானது.

பெயரை நீக்கினால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. அரிய நோய், குறிப்பிட்ட தொழில், வயது ஆகிய மூன்றும் ஒரே பத்தியில் சேர்ந்தால் அந்த நபரைத் தெரிந்தவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். எனவே குறிப்புகளை எடுக்கும்போதே தேவையற்ற விவரங்களை மாற்றியோ நீக்கியோ எழுதுங்கள். இந்த ஆவணம் பின்னால் பலர் கைக்குப் போகும்.

இவற்றோடு, உங்களைக் கட்டுப்படுத்தும் தொழில்நெறி விதிகளின் பிரதி ஒன்றும், நீங்கள் வேலை செய்வதை நேரில் பார்த்திருக்கும் ஒருவரின் ஒத்துழைப்பும் வேண்டும். ஒரே அமர்வில் எழுதி முடிக்கத் திட்டமிடாதீர்கள். படிகளுக்கு இடையில் சில நாட்கள் விட்டுவிட்டு எழுதினால், இரவல் வாங்கிய வாக்கியங்கள் தாமாகவே உறுத்தத் தொடங்கும்.

2. நிகழ்வுகளை எழுதுங்கள், கருத்துகளை இப்போது எழுத வேண்டாம்

"நான் எதை நம்புகிறேன்?" என்ற கேள்வியோடு உட்கார்ந்தால், எவரும் குறை சொல்ல முடியாத சொற்கள்தாம் முதலில் வந்து நிற்கும்: முழுமையான அணுகுமுறை, பயனாளரை மையப்படுத்திய சிகிச்சை, சுதந்திரமான வாழ்க்கை. இவை தவறானவை அல்ல. ஆனால் எல்லாத் தெரபிஸ்டுகளும் இதையே எழுதுவார்கள்; ஆகவே இவற்றை வைத்து உங்களைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் நான்கு விஷயங்களை மட்டும் எழுதுங்கள். முதல் சந்திப்பில் உங்கள் கவனம் முதலில் எங்கே சென்றது? நீங்கள் முன்வைத்த சிகிச்சை என்ன? செய்திருக்கலாம் என்று தெரிந்தும் விட்டுவிட்டது எது? இலக்கை இறுதியாக முடிவு செய்தவர் யார்? நான்காவது கேள்விக்கு "இருவரும் சேர்ந்து" என்று எழுதத் தோன்றினால், இலக்கின் வாக்கியத்தை முதலில் உச்சரித்தவர் யார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

அடுத்து, எழுதிய இலக்குகள் ஒவ்வொன்றும் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்று குறியுங்கள். உலக சுகாதார அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட ஐ.சி.எஃப். (செயல்பாடு, இயலாமை, உடல்நலம் ஆகியவற்றின் சர்வதேச வகைப்பாடு) இதற்குப் போதும். தோள்மூட்டின் அசைவு வீச்சைக் கூட்டுவது உடல் இயக்கத்தைச் சார்ந்த இலக்கு. தலை வாருவது செயல்பாடு. மீண்டும் வேலைக்குச் செல்வதும் நண்பர்களோடு கூடுவதும் பங்கேற்பு. "மனிதரின் வாழ்க்கையைப் பார்க்கிறேன்" என்று சொல்லும் ஒருவருடைய இலக்குகளில் ஏறக்குறைய எல்லாமே முதல் வகையில் குவிந்திருந்தால், அவர் நம்புவதாகச் சொல்வது ஒன்று, நடைமுறையில் நம்புவது வேறொன்று.

நேரக் கணக்கையும் பாருங்கள். ஓர் அமர்வில் கைப்பயிற்சிக்காகக் கோன் எனப்படும் கூம்புகளை அடுக்குவதற்கும் தெரபி புட்டி என்ற களிமண் போன்ற பொருளைப் பிசைவதற்கும் போன நேரம் எவ்வளவு, பயனாளருக்கு உண்மையில் தேவைப்படும் செயலைச் செய்யப் போன நேரம் எவ்வளவு? தயார்ப்படுத்தும் பயிற்சிகளுக்கு இடமே இல்லை என்பதல்ல இதன் பொருள். அந்த விகிதத்தை நீங்கள் தெரிந்தே தேர்ந்தெடுத்தீர்களா, அறையில் என்ன கருவி இருந்ததோ அது தேர்ந்தெடுத்ததா என்பதே கேள்வி.

பொதுவான தவறு: நிகழ்வை நோயறிக்கை போல எழுதுவது. "இடப்பக்கப் பக்கவாதம், பார்தெல் குறியீடு 45" (பார்தெல் என்பது அன்றாடச் செயல்களில் தற்சார்பை அளக்கும் மதிப்பெண்) என்பதில் தெரபிஸ்ட் எடுத்த முடிவு எதுவும் இல்லை. உங்கள் முடிவு இடம்பெறாத வாக்கியத்தால் இந்தப் படியில் பயனில்லை.

3. முடிவுகளுக்குள் இருக்கும் நம்பிக்கையைப் பிரித்தெடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். புதியவர்கள் மிக வேகமாகத் தாண்டிச் செல்வதும் இதைத்தான்.

ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். பக்கவாதத்துக்குப் பின் ஒரு கையை மட்டும் பயன்படுத்தக்கூடிய முதிய பெண் ஒருவர். ஒரு கையால் சட்டை அணியும் முறையைத் தெரபிஸ்ட் கற்றுக்கொடுக்கிறார், அவரும் கற்றுக்கொள்கிறார். ஆனால் வீட்டில் மகளே உடை அணிவிக்கிறார். கேட்டால், "உடை மாற்றியே களைத்துப் போனால், பிறகு எழுத உட்கார என்னால் முடிவதில்லை, எனக்கு எழுதுவதுதான் முக்கியம்" என்கிறார். தெரபிஸ்ட் உடை அணியும் பயிற்சியைத் தொடர்ந்தாரா, நிறுத்தினாரா?

தொடர்ந்திருந்தால், "தன் வேலையைத் தானே செய்வதுதான் தற்சார்பு" என்ற நம்பிக்கை அந்த முடிவுக்குள் இருக்கிறது. நிறுத்திவிட்டு எழுதுவதற்கான மேசை உயரத்தையும் ஓய்வு இடைவேளைகளையும் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தால், "எதைத் தானே செய்வது, எதைப் பிறரிடம் விடுவது என்று தீர்மானிப்பதே தற்சார்பு" என்ற நம்பிக்கை இருக்கிறது. முதலாவதற்கும் வலுவான வாதம் உண்டு: மகளால் வர முடியாத நாளில் என்ன செய்வது? இரண்டில் உங்களுடையது எது என்று உங்கள் முடிவுதான் சொல்லும்.

இப்படி ஒவ்வொரு முடிவையும் எடுத்து, "ஏன்?" என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் "ஏன்"னுக்கு வரும் விடை பெரும்பாலும் நடைமுறைக் காரணமாக இருக்கும்: நேரமில்லை, மருத்துவர் எழுதிக் கொடுத்தது அது. இரண்டாவதில் பாடப்புத்தகம் பேசும். மூன்றாவதில்தான் உங்கள் சொந்தக் குரல் கேட்கத் தொடங்கும். நடைமுறைக் காரணமே கடைசி வரை தொடர்ந்தால் அதையும் மறைக்காமல் குறித்து வையுங்கள். எட்டாம் படியில் அது தேவைப்படும்.

கிடைக்கும் விடைகளை மூன்று கேள்விகளின் கீழ்ப் பிரியுங்கள்.

முதலாவது, மனிதரையும் மாற்றத்தையும் பற்றி நீங்கள் கொண்டிருக்கும் எண்ணம். மனிதர் பழக்கத்தால் மாறுகிறாரா, விருப்பத்தால் மாறுகிறாரா, சூழல் மாறினால் மாறுகிறாரா? மூன்றும் என்பது சரியான விடைதான்; ஆனால் ஒருவர் முன்னேறாமல் நிற்கும்போது நீங்கள் முதலில் கை வைப்பது எதில் என்று கேட்டால் ஒன்றுதான் மிஞ்சும்.

இரண்டாவது, எதை அறிவாக ஏற்கிறீர்கள் என்பது. மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரின் அளவில் முழங்கை மடக்கம் 90 பாகையிலிருந்து 120 பாகையாகக் கூடியிருக்கிறது. பயனாளரோ எதுவும் மாறவில்லை என்கிறார். அல்லது அளவில் மாற்றமே இல்லை. அவர் வாழ்க்கை மாறிவிட்டது என்கிறார். இத்தகைய முரண்பாட்டில் உங்கள் அடுத்த செயல் என்னவாக இருந்தது? மீண்டும் அளந்தீர்களா, மீண்டும் கேட்டீர்களா, வீட்டுக்குச் சென்று பார்த்தீர்களா? அடுத்த செயல் எதுவோ, அதுவே நீங்கள் நம்பும் சான்று.

மூன்றாவது, மதிப்புகள்: பாதுகாப்பு, தன்னுரிமை, நேர்மை, நியாயம் போன்றவை. இவற்றைப் பட்டியலிடுவதால் பயன் இல்லை. ஒன்றோடொன்று மோதியபோது எது வென்றது என்று எழுதுங்கள்.

பொதுவான தவறு: தொழிலின் மதிப்புகளைத் தன் மதிப்புகளாக அப்படியே படியெடுப்பது. தொழிலில் இருக்கும் எல்லோரும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவர்களே. நீங்கள் எழுத வேண்டியது, அவற்றுக்குள் உங்கள் சாய்வு எந்தப் பக்கம் என்பதை.

4. தொழிலின் அடித்தளத்தோடு ஒப்பிடுங்கள்

இப்போது படிக்கலாம். முதலிலேயே படித்திருந்தால் அடுத்தவர் சொன்னது உங்கள் எண்ணமாகத் தோன்றியிருக்கும். கையில் சொந்தக் குறிப்பு இருக்கும் இந்த நிலையில், எங்கே ஒத்துப்போகிறீர்கள், எங்கே விலகுகிறீர்கள் என்பது தெரியும்.

வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகியவற்றுக்கிடையிலான சமநிலையை மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் 1922இல் வலியுறுத்தினார். மனத்தாலும் விருப்பத்தாலும் உந்தப்பட்ட கைகளின் வழியே மனிதர் தம் உடல்நலத்தைத் தாமே பாதிக்க முடியும் என்ற கருத்தை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் மேரி ரெய்லி 1961இல் முன்வைத்தார். மறுபக்கம், சுயபராமரிப்பு, உற்பத்தி, பொழுதுபோக்கு என்று மனிதச் செயல்களைப் பிரிக்கும் வழக்கம் எல்லாச் சமூகங்களுக்கும் பொருந்துமா என்றும், தற்சார்பைப் பெருமதிப்பாகக் கொள்வது யாருடைய பார்வை என்றும் ஆக்குபேஷனல் தெரபி ஆய்வாளர் கேரன் வாலி ஹாமெல் கேள்வி எழுப்பியிருக்கிறார். இரு தரப்பையும் படியுங்கள். ஆதரவாளர்களை மட்டும் படித்தவரின் தத்துவத்தில் "ஆனால்" என்ற சொல்லே இருக்காது.

தொழில்நெறி விதிகளையும் உரிமச் சட்டங்களையும் இந்தக் கட்டத்தில் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நம்பிக்கை ஏதேனும் அவற்றோடு மோதினால், விட்டுக்கொடுக்க வேண்டியது நம்பிக்கையே. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

5. ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். ஏன் அது என்று சொல்லுங்கள்

இங்கே இரண்டு வேறுபட்ட பொருட்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மனிதர், செயல்பாடு, சூழல் ஆகியவற்றின் உறவை விளக்குபவை பணி மாதிரிகள். குறிப்பிட்ட சிக்கலுக்கு எப்படிச் சிகிச்சை அளிப்பது என்று வழிகாட்டுபவை பயோமெக்கானிக்கல் (மூட்டசைவு, தசை வலு சார்ந்தது), சென்சரி இன்டெக்ரேஷன் (புலனுணர்வு ஒருங்கிணைப்பு) போன்ற அணுகுமுறைச் சட்டகங்கள். "நான் ஒரு சென்சரி இன்டெக்ரேஷன் தெரபிஸ்ட்" என்பது உங்கள் கருவிப்பெட்டியைச் சொல்கிறது; எதற்காக அந்தக் கருவியை எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லவில்லை.

மாதிரிகளின் அழுத்தம் ஒன்றுக்கொன்று வேறுபடும். கேரி கீல்ஹாஃப்னர் 1980களில் வளர்த்தெடுத்த மோஹோ (மனிதச் செயல்பாட்டு மாதிரி), மனிதரின் விருப்புந்துதல், பழக்கவழக்கம், செயலாற்றும் திறன் ஆகியவற்றைச் சூழலோடு சேர்த்துப் பார்க்கிறது. முடியும் என்றாலும் செய்ய விரும்பாத மனிதர் உங்கள் நிகழ்வுகளில் திரும்பத் திரும்ப வந்தால், இது கைகொடுக்கும். 1996இல் வெளியான பி.இ.ஓ. மாதிரி, மனிதர், சூழல், செயல்பாடு ஆகிய மூன்றும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதில் கவனத்தை வைக்கிறது. மனிதரைத் திருத்துவதைவிட வீட்டையும் பணியிடத்தையும் திருத்துவதில் நாட்டம் உள்ளவருக்கு அது இயல்பாக அமையும். சி.எம்.ஓ.பி.-இ. எனப்படும் கனடிய மாதிரி, மனிதரின் மையத்தில் ஆன்மிகத்தை வைக்கிறது. மைக்கேல் இவாமா ஜப்பானியத் தெரபிஸ்டுகளோடு சேர்ந்து உருவாக்கிய காவா மாதிரி வாழ்க்கையை ஆறாகக் காண்கிறது. தனிமனிதரைச் சூழலிலிருந்து பிரித்து நடுவில் நிறுத்துவதில்லை. "என் விருப்பம் என்ன" என்ற கேள்வியே அந்நியமாகத் தோன்றும் குடும்பங்களோடு வேலை செய்பவர்கள் அதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

தேர்வு செய்ய ஒரு வழி: இரண்டாம் படியில் எழுதிய நிகழ்வுகளில் மிகச் சிக்கலான ஒன்றை எடுத்து, அந்த மாதிரியின் சொற்களில் மறுபடி எழுதுங்கள். நீங்கள் முக்கியமெனக் கருதிய விவரத்துக்கு அதில் இடமில்லை என்றால், உங்களுக்கு ஏற்ற மாதிரி அது அன்று.

"எல்லா மாதிரிகளிலிருந்தும் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்வேன்" என்று எழுதுவது பணிவாகத் தெரியலாம். ஆனால் "தேவைக்கேற்ப" என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டவுடன் நீங்கள் மீண்டும் தொடக்கத்துக்கே வந்துவிடுவீர்கள். ஒரு முதன்மை மாதிரியைச் சொல்லுங்கள். அது எட்டாத இடம் எது, அங்கே எதைத் துணைக்கு அழைப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

6. உறவையும் அதிகாரத்தையும் வெளிப்படையாக எழுதுங்கள்

தத்துவ ஆவணங்களில் மிகவும் மெலிந்திருக்கும் பகுதி இது. "நல்லுறவை ஏற்படுத்துவேன்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும்.

ஆக்குபேஷனல் தெரபி ஆய்வாளர் ரெனே டெய்லர் தெரபிஸ்ட்–பயனாளர் உறவை ஆறு முறைகளாகப் பிரித்தார்: பயனாளருக்காகப் பரிந்து பேசுதல், இணைந்து செயல்படுதல், உணர்வைப் புரிந்துகொள்ளுதல், ஊக்கப்படுத்துதல், கற்றுக்கொடுத்தல், சிக்கலைத் தீர்த்தல். இவற்றுள் உங்களுக்கு இயல்பாக வருவது எது, பயனாளர் எரிச்சலடையும்போது நீங்கள் ஓடி ஒளிவது எதில் என்று கண்டறியுங்கள். அழும் மனிதரிடம் உடனே தீர்வு சொல்லத் தொடங்கும் தெரபிஸ்டுகள் நிறையப் பேர். தங்கள் இயல்பு அது என்று அறிந்தவர்கள் அவர்களில் சிலரே. இதைக் கண்டறியத்தான், உங்கள் பணியை நேரில் பார்த்தவரின் உதவி வேண்டும். தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

அதிகாரத்தின் தடயங்கள் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கும். "ஒத்துழைக்கவில்லை", "ஊக்கம் குறைவு", "குடும்பத்தார் புரிந்துகொள்ளவில்லை" என்று எழுதிய இடங்களைத் தேடி எடுங்கள். அந்த ஒவ்வொன்றிலும், ஒத்துழைக்காதது எவருடைய இலக்குக்கு என்று கேளுங்கள்.

பாதுகாப்பும் தன்னுரிமையும் மோதும் இடத்தில் உங்கள் நிலைப்பாடு கட்டாயம் எழுதப்பட வேண்டும். பார்க்கின்சன் நோயால் சிலமுறை விழுந்திருக்கும் ஒருவர், அடுப்பருகே நின்று சமைப்பதைக் கைவிட மறுக்கிறார் என்று கொள்ளுங்கள். "பாதுகாப்பே முதன்மை" என்று எழுதுவது எளிது. அப்படி எழுதினால் அவருடைய சமையலறையை மூடும் முடிவை எடுப்பவர் நீங்கள். "அவர் விருப்பமே முதன்மை" என்று எழுதினால், ஆபத்தை அவர் உண்மையில் புரிந்துகொண்டாரா என்று உறுதிசெய்யும் கடமையும் உங்களைச் சேரும். அறிவாற்றல் குறைந்து வருபவரிடம் அதை எப்படி உறுதிசெய்வீர்கள்? தீப்பற்றினால் பாதிக்கப்படக்கூடிய அண்டை வீட்டாரை எங்கே வைப்பீர்கள்? எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டியதில்லை. இத்தகைய சூழலில் எந்த வரிசையில் யாரிடம் பேசுவீர்கள், எந்த எல்லையில் நிறுத்துவீர்கள் என்பதை எழுதினால் போதும்.

குழந்தைகளோடு பணியாற்றுபவர்கள், தங்கள் பயனாளர் குழந்தையா, பெற்றோரா, பள்ளியா என்ற கேள்விக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். குழந்தை அசையாமல் உட்கார வேண்டும் என்பது பெரும்பாலும் வகுப்பறையின் தேவை. குழந்தை என்ன கேட்கும் என்று யோசித்த பிறகே அதை இலக்காக ஏற்பதா என்று முடிவு செய்யுங்கள்.

7. ஆய்வுச் சான்றுக்கான இடத்தை வரையறுங்கள்

சான்றுவழிப் பணி என்பது ஆய்வுச் சான்று, தெரபிஸ்டின் அனுபவம், பயனாளரின் விருப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. தத்துவத்தைச் சான்றுக்கு எதிரான கேடயமாகப் பயன்படுத்தக் கூடாது. பலனில்லை என்று ஆய்வுகள் காட்டிய முறையை "என் தத்துவம் அப்படி" என்று தொடர்பவர், தமக்குப் பழகிப்போனதைத் தத்துவம் என்று அழைக்கிறார், அவ்வளவே.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. பக்கவாதத்துக்குப் பின் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவு தாமாக நீட்ட முடிந்தவர்களுக்கு, நல்ல கையைக் கட்டுப்படுத்திப் பாதிக்கப்பட்ட கையைப் பயன்படுத்தச் செய்யும் சிகிச்சைக்கு நல்ல சான்று இருக்கிறது. ஆனால் அது நாள்தோறும் பல மணி நேர உழைப்பைக் கேட்கிறது. "எனக்கு அது வேண்டாம், வலக்கைக்குப் பதில் இடக்கையால் செய்யக் கற்றுக்கொடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு தூரம் எடுத்துச் சொல்வீர்கள், எப்போது ஏற்றுக்கொள்வீர்கள்? இந்த இரண்டு வினாக்களுக்கும் இரண்டு வாக்கியங்கள் எழுதினால் இந்தப் படி முடிந்தது.

8. முதல் வரைவை எழுதுங்கள்

இப்போதுதான் எழுத்து. ஒவ்வொரு கருத்தையும் மூன்று துண்டுகளாக எழுதிப் பாருங்கள்: நான் இதை நம்புகிறேன், ஆகவே இதைச் செய்கிறேன், ஆகவே இதைச் செய்வதில்லை. மூன்றாவது துண்டு வரவில்லை என்றால், முதல் துண்டு இன்னும் மங்கலாக இருக்கிறது என்று பொருள்.

எடுத்துக்காட்டாக, புதியவர்களின் வரைவில் அடிக்கடி வரும் வாக்கிய வகை இது: "ஒவ்வொரு பயனாளரும் தனித்துவமானவர் என்பதால் அவர்களுக்கேற்ற சிகிச்சையை அளிப்பேன்." இதை இப்படி மாற்றலாம்: "தம் நாளின் எந்தப் பகுதியைத் திரும்பப் பெற விரும்புகிறார் என்பதை ஒருவரே எனக்குச் சொல்ல வேண்டும் என்று நம்புகிறேன், ஆகவே உடல் அளவீடுகளுக்கு முன்பு அவருடைய ஒரு முழு நாளைப் பற்றிக் கேட்கிறேன், அந்த உரையாடல் நடக்கும் வரை, அவசரத் தேவை இருந்தாலொழிய, சிகிச்சை இலக்கு எதையும் பதிவு செய்வதில்லை." நீளம் கூடியிருக்கிறது; ஆனால் இதை வைத்து நாளைக் காலை ஒருவரை எப்படிச் சந்திப்பது என்று சொல்லிவிடலாம்.

ஒரு நம்பிக்கையைச் செயலாக்கும் கருவியைப் பெயரோடு குறிப்பிடுவதும் நல்லது. பயனாளரின் முன்னுரிமையே முதலில் வரும் என்று எழுதுபவர் சி.ஓ.பி.எம். மதிப்பீட்டைச் சொல்லலாம், அதில் பயனாளரே தம் சிக்கல்களைத் தேர்ந்து, முக்கியத்துவம், செய்திறன், மனநிறைவு ஆகியவற்றுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் இடுகிறார். ஆனால் பெயரைச் சொன்ன பிறகு அதைப் பயன்படுத்தாமல் இருக்கக் கூடாது.

நிறுவனக் கட்டுப்பாடுகளை மறைக்காதீர்கள். ஒருவருக்கு அரை மணி நேரமே ஒதுக்கும் இடத்தில் பணியாற்றிக்கொண்டு, வீட்டுச் சூழலை முழுமையாக ஆராய்வேன் என்று எழுதினால் அது பொய். "வீட்டுக்குச் செல்ல இயலாத இடத்தில், குளியலறை, படுக்கை, வாசற்படி ஆகியவற்றின் படங்களையும் அளவுகளையும் குடும்பத்தாரிடம் கேட்டுப் பெறுவேன்" என்பது நம்பத்தக்கது. மூன்றாம் படியில் நடைமுறைக் காரணங்கள் என்று குறித்தவற்றை இங்கே எடுத்து, எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றுக்கு எதிராகக் குரல் கொடுப்பீர்கள் என்று பிரித்து எழுதுங்கள்.

நீளம் 500 முதல் 700 சொற்கள் போதும். மேற்கோள்களால் தொடங்க வேண்டாம். இத்துறையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்ற கதை வேறொரு கட்டுரைக்கு உரியது; இங்கே அது இடத்தை அடைக்கும். "எப்போதும்", "ஒருபோதும்" ஆகிய சொற்கள் வரும் இடங்களை மறுபடி பாருங்கள். விதிவிலக்கு ஒன்று உடனே நினைவுக்கு வந்தால் வாக்கியத்தைத் திருத்துங்கள்.

9. வரைவைச் சோதியுங்கள்

முதலில் எதிர்வாக்கியச் சோதனை. உங்கள் வாக்கியத்தின் எதிர்ப்பொருளை எழுதுங்கள். அறிவும் நல்லெண்ணமும் உள்ள ஒரு தெரபிஸ்ட் அந்த எதிர்ப்பொருளை ஏற்கக்கூடுமா? ஏற்கக்கூடும் என்றால் உங்கள் வாக்கியம் ஒரு நிலைப்பாடு. "பயனாளர்களை மதிக்கிறேன்" என்பதன் எதிர்ப்பொருளை எவரும் ஏற்கமாட்டார். ஆகவே அதை நீக்கலாம்.

அடுத்து, எழுதும்போது பயன்படுத்தாத ஒரு கடினமான நிகழ்வை எடுத்து, ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று முடிவு செய்து பாருங்கள். ஆவணம் மௌனமாக இருந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது. ஆவணம் சொல்வது உங்கள் மனத்துக்கு ஒப்பவில்லை என்றால், ஏதோ ஒரு நம்பிக்கை உங்களுடையது அன்று.

கடைசியாக, அண்மைய இரண்டு வாரங்களின் சிகிச்சைப் பதிவுகளை ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். இடைவெளி இருக்கத்தான் செய்யும். அதை மூட இரண்டு வழிகள்: பணியை மாற்றுவது அல்லது வாக்கியத்தை மாற்றுவது. வாக்கியத்தை மாற்றுவதில் இழிவு எதுவும் இல்லை. பல நேரங்களில் பணியில் நீங்கள் செய்வதே சரியாகவும், காகிதத்தில் எழுதியது வெறும் ஆசையாகவும் இருக்கும்.

உங்களை அறிந்த சக தெரபிஸ்ட் ஒருவரிடம் பெயர் இல்லாத வேறு இரண்டு ஆவணங்களோடு இதையும் கலந்து கொடுத்து, உங்களுடையது எது என்று கண்டுபிடிக்கச் சொல்வதும் பயனுள்ளது. அவரால் முடியவில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்; எட்டாம் படியில் சொற்களை மெருகேற்றுவதால் அது சரியாகாது.

10. பயன்படுத்துதலும் திருத்துதலும்

மேற்பார்வைச் சந்திப்புகளுக்கு இதை எடுத்துச் செல்லுங்கள். ஒரு நிகழ்வைப் பற்றிப் பேசும்போது எந்த வாக்கியம் உதவியது, எது இடறியது என்று ஓரத்தில் குறித்து வைத்தால், திருத்தும் வேலை பாதி முடிந்துவிடும்.

நேர்காணலில் முழுவதையும் ஒப்பிக்க வேண்டாம். ஒரு நம்பிக்கை, அதிலிருந்து பிறந்த ஒரு முடிவு, அந்த முடிவின் விளைவு ஆகிய மூன்றையும் சில நிமிடங்களில் சொல்லிப் பழகுங்கள். "இதற்கு எதிராக ஒரு பயனாளர் கேட்டால்?" என்ற தொடர்கேள்வி பெரும்பாலும் வரும், ஆறாம் படியை உண்மையாகச் செய்தவருக்கு அதற்கு விடை இருக்கும்.

ஆண்டுக்கு ஒரு முறை திருத்துவது பொதுவான வழக்கம். ஆனால் தேதியைவிட நிகழ்வுகளே சரியான தூண்டுதல்: மருத்துவமனையிலிருந்து பள்ளிக்கோ மனநலப் பிரிவுக்கோ மாறும்போது, முதன்முறையாக ஒருவரை மேற்பார்வை செய்யத் தொடங்கும்போது, எந்த வாக்கியத்துக்குள்ளும் அடங்காத ஒரு பயனாளரைச் சந்திக்கும்போது. பழைய வடிவங்களைத் தேதியிட்டுத் தனித்தனிக் கோப்புகளாக வைத்திருங்கள். புதியதை எழுதும்போது பழையதைத் திறக்காமல் எழுதி, பிறகு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எது மாறியது, எது மாறவே இல்லை என்பது தெரியும். மாறாதவற்றை அடுத்த வடிவத்தின் முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள்.